மாடி எடுப்பதா, புது வீடு கட்டுவதா?

கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுத ஒரு பேங்க்காரனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சுமாராக ஆடுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிவு ஆட்டத்தைவிட, அதைச் செய்து விற்பவர்களின் வரவு செலவு வரலாற்றைப் பற்றியது. அதில் ஒரு பி.காம். காரனுக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு விளையாட்டு நன்றாக ஓடிவிட்டது. பல லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள். செய்த கம்பெனி அடுத்து என்ன செய்ய வேண்டும்? இரண்டு வழிகள். ஒன்று, அதே விளையாட்டின் மேல் புதிய கதை, புதிய நாடு, புதிய படை என்று துணைத் தொகுப்புகள் செய்து இணையம் வழியாக விற்பது. பிள்ளைகள் இதைத்தான் டிஎல்சி என்கிறார்கள். இரண்டாவது, பழையதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று புதிதாக ஒன்றைச் செய்வது. அது சீக்வல். எதற்கு முன்னுரிமை?

வீட்டுக் கடன் மேஜையில் உட்கார்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. "சார், மேலே ஒரு மாடி எடுக்கலாமா, இல்லே இதை வித்துட்டு வேற இடத்துல கட்டலாமா?" என்று மாதத்துக்கு நான்கு பேராவது வருவார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, அஸ்திவாரம் தாங்குமா என்பதைத்தான். விளையாட்டுக் கம்பெனிகளுக்கும் அதே கேள்விதான் பொருந்தும். மாடிதான் முதலில். அஸ்திவாரம் தாங்காதபோதும், புதிதாக வருகிறவர் ஏறமுடியாத அளவுக்குப் படிக்கட்டு நீண்டுவிட்டபோதும் மட்டும் புது வீடு. இது என் கட்சி. இனி வரலாறு.

இந்த மாடி கட்டும் வேலை இணையத்தோடு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசார்ட்ரி' என்று ஒரு விளையாட்டு வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கிப் பூதங்களோடு சண்டை போடும் ஆட்டம். அடுத்த ஆண்டே, 1982-ல், அதன் இரண்டாம் பாகம் 'நைட் ஆஃப் டயமண்ட்ஸ்' வந்தது. பெயருக்குத்தான் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் நீங்கள் வளர்த்த வீரர்களைக் கொண்டுவந்தால்தான் இதில் ஆட முடியும். அதாவது கீழ்வீடு இல்லாமல் மாடிக்குப் போக முடியாது! சீக்வலா, துணைத் தொகுப்பா என்ற குழப்பம் இந்தத் தொழில் பிறந்தபோதே உடன் பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி 'டூம்' விளையாட்டை வெளியிட்டபோது இன்னொரு தந்திரம் செய்தது. மூன்று அத்தியாயங்களில் முதலாவது இலவசம். யார் வேண்டுமானாலும் பிளாப்பியில் நகலெடுத்து நண்பனுக்குக் கொடுக்கலாம். மீதி இரண்டு வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். ருசி காட்டிவிட்டு இலை போடுவது என்பார்களே, அது.

பிறகு சிடி காலம். ஒரு விளையாட்டு வெற்றி பெற்றால் ஓராண்டுக்குள் அதற்கு 'எக்ஸ்பான்ஷன் பேக்' என்று இன்னொரு அட்டைப்பெட்டி கடைக்கு வரும். 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் வந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் அதன் துணைத் தொகுப்பு 'புரூட் வார்' வந்தது. 2000-ல் 'சிம்ஸ்' வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் அதற்கு ஏழு துணைத் தொகுப்புகள்.

ஏன் கம்பெனிகளுக்கு இதில் இவ்வளவு ஆசை? கணக்கு எளிது. விளையாட்டின் இயந்திரம், அதாவது என்ஜின் என்று சொல்லும் அடிப்படை நிரல், ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அந்தச் செலவு முதல் பெட்டியிலேயே கணக்கெழுதப்பட்டுவிட்டது. ஆட்டம் முடியும் கட்டத்தில் நிரலாளர்கள் பிழை திருத்திக்கொண்டிருக்க, படம் வரைபவர்களும் கதை எழுதுபவர்களும் சும்மா இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களை வைத்துத் துணைத் தொகுப்பைச் செய்துவிடலாம். செலவு குறைவு, காலம் குறைவு, ரிஸ்க் குறைவு.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. மாடியை யாருக்கு விற்க முடியும்? கீழ்வீடு வைத்திருப்பவனுக்கு மட்டும்தான். பத்து லட்சம் பேர் மூல விளையாட்டை வாங்கியிருந்தால், துணைத் தொகுப்பு பதினோரு லட்சம் விற்காது. அந்தப் பத்து லட்சத்திலும் எல்லோரும் வாங்க மாட்டார்கள். சீக்வலுக்கு அந்தக் கூரை கிடையாது. புது ஆட்களை இழுக்கும். அதனால்தான் முதலாளிகளுக்குச் சீக்வல் மேல் தீராத மோகம்.

இப்போது இந்த வரலாறு முழுவதையும் ஒரே விளையாட்டில் பார்த்துவிடலாம். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலருக்கும் தெரிந்த விளையாட்டு. கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு வாடகை கொடுத்து நான்கு பேர் சேர்ந்து ஆடியது. ஆமாம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம்.

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 1997-ல் முதல் பாகம், 1999-ல் இரண்டாம் பாகம். ஆக, இதுவே ஒரு சீக்வல்தான். பண்டைய காலத்திலிருந்து இடைக்காலத்துக்கு நகர்ந்த நியாயமான சீக்வல். அதில் 13 நாகரிகங்கள் இருந்தன. பிரிட்டன், பிராங்க், ஜப்பான், சீனா, மங்கோல், பாரசீகம், துருக்கி என்று. இந்தியா கிடையாது. இடைக்கால உலகத்தைப் பற்றிய ஆட்டத்தில் இந்தியாவுக்கு ஒரு மூலைகூட இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. நாங்களும் மங்கோலியனாக இருந்து பாரசீகனை அடித்துக்கொண்டிருந்தோம்.

2000-ல் 'தி கான்கரர்ஸ்' என்ற துணைத் தொகுப்பு வந்தது. அஸ்டெக், மாயா, ஹூணர், கொரியா, ஸ்பெயின் என்று ஐந்து சேர்ந்து 18 ஆனது. அதைவிட முக்கியம், வீட்டின் பழைய கோளாறுகளையும் அது சரி செய்தது. அதற்கு முன் வயல் காய்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் நாமே போய் மறுபடி விதைக்கச் சொல்ல வேண்டும். கான்கரர்ஸில் முன்கூட்டியே வரிசையில் போட்டு வைக்கலாம். ஆடியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று. நல்ல மாடி கட்டுகிறவன் கீழ்த்தளத்தின் ஒழுகலையும் சேர்த்து அடைப்பான்.

இதன் பிறகு கம்பெனி புது வீட்டுக்குக் கிளம்பியது. 2005-ல் மூன்றாம் பாகம். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் குடியேறிய காலம். படம் பிரமாதம், ஆட்டமுறையும் நிறைய மாறியது. அது தோல்வி என்று சொல்ல முடியாது; நன்றாகவே விற்றது. 2007-ல் அதற்கு வந்த 'தி ஏஷியன் டைனஸ்டீஸ்' தொகுப்பில் இந்தியாகூட வந்தது. ஆனால் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களில் கணிசமானவர்கள் அங்கே குடிபோகவே இல்லை. பழைய வீட்டிலேயே விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்கள். 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் என்செம்பிள் ஸ்டூடியோஸையே மூடிவிட்டது.

அடுத்து நேர் எதிர்த் திசையில் ஒரு சோதனை. 2011-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆன்லைன். ஆட்டம் இலவசம்; நாகரிகங்களையும் வசதிகளையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீடே கட்டாமல் மாடி மாடியாக விற்கிற யோசனை. ஓடவில்லை. புதிய பகுதிகளைச் செய்யும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2013 ஜூலை 1-ம் தேதி சர்வரை அணைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய நாகரிகங்களும் அத்தோடு போயின.

ஆக, சீக்வலும் ஆளை முழுதாக இழுக்கவில்லை, துண்டு போட்டு விற்றதும் நிலைக்கவில்லை. பிறகு எது காப்பாற்றியது? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

கம்பெனி கைவிட்ட அந்த 1999 வீட்டில் குடியிருந்தவர்களில் சிலர், கூலி இல்லாமல், தாங்களாகவே ஒரு மாடி கட்டத் தொடங்கினார்கள். 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்', மறந்துபோன பேரரசுகள் என்று பெயர். ரசிகர்கள் செய்த மோட் அது. 2013-ல் மைக்ரோசாஃப்ட் இரண்டாம் பாகத்தைப் புதுத் திரைகளுக்கு ஏற்ப எச்டி பதிப்பாக ஸ்டீமில் வெளியிட்டபோது, இந்த ரசிகர்களையே அழைத்து, அவர்கள் கட்டிய மாடிக்கு அதிகாரபூர்வ முத்திரை குத்தியது. அதே ஆண்டு நவம்பரில் 'தி ஃபர்காட்டன்' வந்தது. கவனியுங்கள்: ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு. புதிதாகக் கட்டியதைப் பூட்டியது. பதினான்கு வருடப் பழசுக்கு மாடி எடுத்தது.

அந்தத் தொகுப்பில்தான் முதன்முதலாக இரண்டாம் பாகத்துக்குள் 'இந்தியர்' வந்தார்கள். ஒரே நாகரிகமாக. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லோரும் ஒரே பெட்டியில், சிறப்புப் படையாக யானைமேல் வில்லாளி, கூடவே உயர் ரக ஒட்டகப் படை. ஒட்டகத்தில் போருக்குப் போகும் தமிழனை நினைத்துப் பாருங்கள்! பிருதிவிராஜன் கதை அதில் இருந்தது. தெற்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

2015-ல் 'தி ஆஃப்ரிகன் கிங்டம்ஸ்' வந்தது. எத்தியோப்பியா, மாலி, பெர்பெர் எல்லாம் உள்ளே வந்தன. 2016-ல் 'ரைஸ் ஆஃப் தி ராஜாஸ்'. பர்மா, கெமர், மலாய், வியட்நாம். அதாவது கடாரத்துக்காரர்கள் 2016-லேயே வந்துவிட்டார்கள். கடாரம் கொண்டவன் இன்னும் வரவில்லை. 2019 நவம்பரில் 'டெஃபினிடிவ் எடிஷன்' என்று அஸ்திவாரத்தையே பலப்படுத்தி, படங்களை எல்லாம் புதிதாக வரைந்து, வீட்டை மறுபடி கட்டினார்கள். மறுபடி கட்டினார்களே தவிர, வேறு வீடு கட்டவில்லை. அறைகள் அதே இடத்தில் இருந்தன. பழைய ஆள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

அந்தப் பலத்தில்தான் 2022 ஏப்ரல் 28 அன்று 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. பழைய 'இந்தியர்' என்ற ஒற்றைப் பெட்டியைப் பிரித்து இந்துஸ்தானி, கூர்ஜரர், வங்காளி, திராவிடர் என்று நான்காக ஆக்கினார்கள். ராஜேந்திர சோழன் பெயரில் தனிக் கதைத்தொடர். திராவிடப் படைவீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான்.

அகமதாபாத்தில் வளரும் என் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறுவான். அவன் பள்ளியில் சோழர் வரலாறு ஒரு பக்கத்தைத் தாண்டியதாக எனக்கு ஞாபகமில்லை. அவன் ஒருநாள் வந்து "அப்பா, உறுமின்னா மேளம்தானே? இங்கே கத்தின்னு போட்டிருக்கே?" என்று கேட்டான். அந்த ஆட்டத்தில் திராவிடரின் சிறப்புப் படை உறுமி வாள்வீரன். நம் ஊர்ப்பக்கம் உறுமி என்றால் மேளம். கேரளத்துக் களரியில் அது சுருள் வாள். விளக்கினேன். சிறப்புக் கப்பலின் பெயர் திரிசடை. எனக்கு ராமாயணத்தில் சீதைக்குத் துணையாக இருந்தவள்தான் ஞாபகம் வந்தாள். கப்பல் ஞாபகம் வரவில்லை. வூட்ஸ் எஃகு என்று ஒரு தொழில்நுட்பம். அது 'உருக்கு', 'உக்கு' என்ற நம் தென்னாட்டுச் சொல்லின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது பொதுவான கருத்து. இப்படி ஒரு மாலை முழுக்கப் போனது. 1025-ல் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள் மீது போனதையும், கங்கைகொண்டசோழபுரத்தையும் பற்றிப் பேச எனக்கு அதுவரை இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. சோழன், பாண்டியன், ஹொய்சளன், விஜயநகரம் எல்லோரையும் 'திராவிடர்' என்று ஒரே பட்டியில் அடைத்தது வரலாற்று மாணவர்களுக்கு உறுத்தும். இவர்கள் ஒருவரோடு ஒருவர் எத்தனை தலைமுறை அடித்துக்கொண்டார்கள்! ஆனால் துணைத் தொகுப்பு முறையின் அழகே அதுதான். நேற்று 'இந்தியர்' ஒன்றாக இருந்தது, இன்று நான்கு. பெட்டி இன்னொரு நாள் இன்னும் பிரியலாம். 1999-ல் 13-ஆக இருந்த நாகரிகங்கள் 2025 மே மாதம் வந்த 'தி த்ரீ கிங்டம்ஸ்' தொகுப்போடு 50 ஆகிவிட்டன.

இதற்கிடையே 2021 அக்டோபரில் நான்காம் பாகமும் வந்தது. நல்ல விளையாட்டு, டெல்லி சுல்தானகம் உட்பட எட்டு நாகரிகங்களோடு தொடங்கியது. எட்டு! புது வீட்டில் எப்போதும் அறைகள் குறைவாகத்தான் இருக்கும். சீக்வல் என்றால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அப்போது யாருக்கு இடம் கிடைக்கும்? எப்போதும் கிடைக்கிறவர்களுக்குத்தான். இங்கிலாந்து, பிரான்ஸ், சீனா, மங்கோல் வரிசை முதலில் நிற்கும். சோழனும் எத்தியோப்பியனும் வருவதற்குள் அடுத்த பாகம் அறிவித்துவிடுவார்கள். உலக வரலாற்றில் ஓரமாக வைக்கப்பட்டவர்களுக்கு மாடி கட்டும் முறைதான் வாசல். நான் இந்தக் கட்சியில் நிற்பதற்கு முதல் காரணம் இதுவே.

நிற்க. டிஎல்சி என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரைக் கெடுத்த கதையும் உண்டு. 2006 ஏப்ரலில் பெதஸ்டா கம்பெனி 'ஓப்ளிவியன்' விளையாட்டுக்கு ஒரு துணைத் தொகுப்பு விற்றது. குதிரைக்கு மாட்டும் கவசம். விலை இரண்டரை டாலர், அன்றைய கணக்கில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கவசம் பார்க்க அழகு, அவ்வளவுதான். இணையம் முழுக்கச் சிரித்தார்கள், திட்டினார்கள். ஆனால் வாங்கவும் செய்தார்கள். அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் உடைக்கும் தொப்பிக்கும் வாள் உறைக்கும் காசு பிடுங்கும் தொழில் எவ்வளவு வளர்ந்தது என்பது, பிள்ளைகள் வைத்திருக்கும் எல்லோருடைய கார்டு ஸ்டேட்மெண்டிலும் தெரியும். அடுத்த ஆண்டே, 2007-ல், அதே விளையாட்டுக்கு அதே கம்பெனி 'ஷிவரிங் ஐல்ஸ்' என்று ஒரு தனி உலகத்தையே துணைத் தொகுப்பாகக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கடையில் ஜன்னல் திரையும் விற்கிறார்கள், மாடியும் விற்கிறார்கள். பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

இதைவிட மோசம், விற்ற மாடியை இடிப்பது. பஞ்ஜி கம்பெனியின் 'டெஸ்டினி 2' 2017-ல் வந்தது. 2020 நவம்பரில், புதிய தொகுப்பு வெளியான அதே நாளில், 2017-ன் மூலக் கதையையும் அதற்குப் பின் விற்ற இரண்டு தொகுப்புகளையும் ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். விளையாட்டு மிகப் பெரிதாகிவிட்டது, எல்லாவற்றையும் பராமரிக்க முடியவில்லை என்பது காரணம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காசு கொடுத்தவன் நிலை? ஃபிக்சட் டெபாசிட் போட்டவனிடம் "இடம் போதவில்லை, உங்கள் கணக்கை எடுத்துவிட்டோம்" என்று ஒரு பேங்க் சொல்ல முடியுமா? அஸ்திவாரம் தாங்காதபோது நேர்மையான வழி, பழையதைப் பழையபடி விட்டுவிட்டுப் புது வீடு கட்டுவதுதான். அதாவது, அந்த இடத்தில் சீக்வல்தான் சரி.

சீக்வல் சரியாக அமைந்த உதாரணமும் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் கம்பெனியின் 'க்ரூசேடர் கிங்ஸ் 2', 2012-ல் வந்தது. தொடக்கத்தில் கிறிஸ்தவ அரசர்களாக மட்டுமே ஆட முடியும். அதே ஆண்டு ஒரு தொகுப்பு இஸ்லாமிய அரசர்களைத் திறந்தது. 2014-ல் 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' நம் நாட்டை வரைபடத்தில் சேர்த்தது. இப்படி மாடிமேல் மாடி ஏறி, கடைசியில் எல்லாவற்றையும் வாங்க வேண்டுமானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்ற நிலை. புதிதாக ஒருவன் கடைக்கு வந்தால், எதை வாங்குவது, எது இல்லாமல் ஆடலாம் என்று புரியாமல் திரும்பிப் போய்விடுவான். 2019 அக்டோபரில் மூல விளையாட்டை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் மூன்றாம் பாகம். அதில் இந்தியா முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது; சோழநாட்டை முதல் நாளே ஆளலாம். பழைய வீட்டில் மாடியாக இருந்தது புது வீட்டில் தரைத்தளமாகிவிட்டது. சீக்வல் என்றால் இப்படி இருக்க வேண்டும். தனியாக விற்றதை மூலதனத்தில் சேர்த்துவிட்டுப் புதுக் கணக்கு தொடங்குவது.

இதற்கு நேர்மாறு, அதே பாரடாக்ஸ் வெளியிட்ட 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் என்ற சிறிய குழு செய்த, நகரம் கட்டும் விளையாட்டு. 2015-ல் வந்து, எட்டு ஆண்டுகள் துணைத் தொகுப்புகளால் வளர்ந்தது. 2015-லேயே வந்த முதல் தொகுப்பில் சைக்கிள் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம். நகரம் பெரிது, கணக்கீடு நுணுக்கம், எல்லாம் சரி. ஆனால் நல்ல கணினியிலும் திணறியது. சைக்கிள் இல்லை. ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் மோட் வசதி ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. இந்த நிலையில் 2024 மார்ச்சில் 'பீச் ப்ராப்பர்டீஸ்' என்று கடற்கரை வீடுகளைக் காசுக்கு விற்றார்கள். வீடு ஒழுகும்போது பால்கனி விற்கிற கதை. எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்தத் தொகுப்பை இலவசமாக்கினார்கள். 2025 நவம்பரில், அந்தத் தொடரை இனி கொலாசல் ஆர்டருக்குப் பதில் வேறொரு குழு கவனிக்கும் என்று அறிவிப்பு வந்தது.

இதில் பாடம் இருக்கிறது. எட்டு வருடம் மாடி எடுத்த வீட்டின் எதிரிலேயே புது வீடு கட்டினால், மக்கள் உங்கள் புது வீட்டின் தரைத்தளத்தைப் பழைய வீட்டின் எட்டாம் மாடியோடுதான் ஒப்பிடுவார்கள். 2015-ன் முதல் நாளோடு ஒப்பிட மாட்டார்கள். அது அநியாயம் என்று கம்பெனிக்குத் தோன்றலாம். வாடிக்கையாளருக்கு அது நியாயம்.

இரண்டுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2006 நவம்பரில் ஈஏ வெளியிட்ட 'கிரிக்கெட் 07'. அதன் பிறகு அந்தக் கம்பெனி கிரிக்கெட்டுக்கு அடுத்த பாகமும் செய்யவில்லை, துணைத் தொகுப்பும் செய்யவில்லை. ஆனால் நம் நாட்டுப் பையன்கள் அதை விடவில்லை. ஐபிஎல் அணிகள், புதிய சீருடைகள், புதிய மைதானங்கள், ஓய்வு பெற்றவர்கள் போய்ப் புது வீரர்கள் என்று ஆண்டுதோறும் தாங்களே தொகுப்புகள் செய்து, இலவசமாகப் பகிர்ந்து, அந்தப் பழைய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். 2006-ல் ஐபிஎல் என்ற பெயரே கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். குடியிருப்பவர்களுக்கு வீடு பிடித்துவிட்டால், சொந்தக்காரன் கைவிட்டாலும் அவர்களே சுண்ணாம்பு அடிப்பார்கள்.

ஆக, என் தீர்ப்பு. கம்பெனிகள் துணைத் தொகுப்புக்கே முன்னுரிமை கொடுக்க வேண்டும். மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, மூல விளையாட்டு முழுதாக இருக்க வேண்டும். சமையலறையை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு அதையே பிறகு மாடி என்று விற்கக் கூடாது. இரண்டாவது, விற்றதைத் திரும்ப எடுக்கக் கூடாது. மூன்றாவது, நாலைந்து ஆண்டுகள் ஆனதும் பழைய தொகுப்புகளை மூலத்தோடு சேர்த்து ஒரே விலையில் கொடுத்து, புதியவருக்குப் படிக்கட்டைச் சுருக்க வேண்டும். இவை முடியாத நிலை வந்தால், அப்போது சீக்வல். அந்தச் சீக்வலும் பழைய வீட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவர்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கம்பெனிகள் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. ஆனால் பணம் கட்டுவது நாம்தான், அதனால் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்து "அப்பா, டிஎல்சி வாங்கணும்" என்று நின்றால் உடனே முடியாது என்று சொல்லாதீர்கள், உடனே ஓடிபி-யும் கொடுத்துவிடாதீர்கள். அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். குதிரைக் கவசம் என்றால் வேண்டாம். புது நாடு, புது வரலாறு என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல், கூடவே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.